ஒரே எண்ணில் இரண்டு ஈடு

கொரோனாவின் இரண்டாம் அலையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் உருளைகள் வைக்க இடம் தேவைப்பட்டது. பின்கட்டில் சும்மா கிடந்த ஓட்டுக் கட்டடத்தைக் காலி செய்தார்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவன். ஆள் போதவில்லை என்று கூப்பிட்டதால் மருந்துச் சரக்கு வைக்கிற கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தேன். அந்தக் கட்டடத்துச் சுவரில் துருப்பிடித்த நீராவிக் குழாய் ஒன்று பதிந்திருந்தது. இப்போது மருந்தாளராக இருக்கும் மும்தாஜ் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன ரூம் சார்?" என்று கேட்டாள்.

"சலைன் செய்த ரூம்."

"இங்கனயா? நாமளேயா?"

நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துவிட்டாள். ஆமாம், நாங்களேதான் என்றேன். தண்ணீரை வடித்து, உப்புக் கலந்து, கண்ணாடி பாட்டிலில் அடைத்து, அவித்து, வார்டுக்கு அனுப்பினோம். அவள் முகத்தில் வியப்பைவிடப் பயமே அதிகமாகத் தெரிந்தது. அது நியாயமான பயம். "எழுதிக் குடுங்க சார், புதுசா வாரவங்க படிக்கட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன். அந்த அறையை மூடியதில் எனக்கு வருத்தம் கிடையாது. மூடியது நல்லதுதான். அங்கே நடந்ததில் ஒன்றைத்தான் எழுதத் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகிற பாதையில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தரும ஆஸ்பத்திரி. மருந்தாளர் படிப்பை முடித்துவிட்டு எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தேன். கம்பெனி சலைன் அப்போது நினைத்த நேரத்தில் கிடைக்காது. அதனால் பல ஆஸ்பத்திரிகள் சொந்தமாகச் செய்துகொண்டன. என்னை மதுரைப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கற்றுக்கொண்டு வரச் சொன்னார்கள். கற்றுக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

வேலை இப்படி. காலையில் முதல் காரியம் தண்ணீரை ஆவியாக்கி வடிப்பது. வடித்த தண்ணீர் மூடிய எவர்சில்வர் தொட்டியில் இறங்கும். அதில் அளந்து உப்பைக் கரைத்து, தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து பாட்டில்களில் நிரப்பி, ரப்பர் மூடி போட்டு, தகரம் இறுக்கி, ஆவிப் பெட்டியில் அடுக்கி அவிக்க வேண்டும். ஒரு தடவை அவிப்பதை நாங்கள் ஒரு ஈடு என்போம், இட்லிக்குச் சொல்வதைப் போல. ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு எண். அந்த எண்ணை ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டுவோம். ஆறியதும் பாட்டிலைக் கறுப்புப் பலகைக்கும் வெள்ளைப் பலகைக்கும் முன்னால் விளக்கொளியில் பிடித்துச் சுழற்றி, தூசு, நூல் ஏதும் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு பெரிய பிரச்சினை இல்லை. கிருமிகூட இல்லை, அவித்தால் செத்துவிடும். செத்த கிருமி தண்ணீரில் விட்டுப்போகிற ஒரு சத்து உண்டு. அதுதான் ஆபத்து. எவ்வளவு அவித்தாலும் அது போகாது. நிறமில்லை, வாடை இல்லை. நரம்பில் ஏறினால் ஆளைத் தூக்கிப் போடுகிற மாதிரி நடுக்கமும் காய்ச்சலும் வரும். ஏற்கெனவே தளர்ந்த உடம்பாக இருந்தால் உயிருக்கே உலை வைக்கும்.

அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்த கருவி முயல்தான். அறைக்குப் பின்னால் கம்பி வலைக் கூண்டில் வெள்ளை முயல்கள் வளர்த்தோம். ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் ஒரு பாட்டிலை எடுத்து, மூன்று முயல்களுக்குக் காது நரம்பில் கொஞ்சம் ஏற்றி, மதியம்வரை உடம்புச் சூட்டை அளப்போம். சூடு ஏறாவிட்டால் அந்த ஈடு தேறியது. ஒரு சோதனைக்கு நின்ற முயலுக்குச் சில நாள் ஓய்வு தர வேண்டும். இது தவிர ஒரு பாட்டிலை ஆய்வகத்தில் வைத்து ஒரு வாரம்வரை கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகே ஈடு வார்டுக்குப் போகும்.

பாட்டில் கழுவுவதும் முயலைப் பார்த்துக்கொள்வதும் காதர் மைதீன் பாய். மேலப்பாளையத்துக்காரர். தறி வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவர், என்னைவிட வயதில் மூத்தவர். முயலுக்கு அகத்திக்கீரை போடும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே போடுவார்.

எங்கள் தலைமை மருத்துவரைப் பெரிய டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தால் கழிப்பறைப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். யாராவது ஒரு விஷயத்தைச் சொன்னால், "நீங்க பாத்தீங்களா, இல்ல கேட்டீங்களா?" என்பார். கேட்டேன் என்று சொன்னால், "சரி, பாத்துட்டு வாங்க" என்பார். அதில் கோபம் இருக்காது. ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை அந்தப் பேச்சு நகராது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ஒரு கூட்டம் வைப்பார். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் வந்து, போன வாரம் தங்கள் பிரிவில் சரியாக நடக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் செய்தது என்று சொல்லக் கூடாது. என்ன நடந்தது, இனி எப்படித் தடுக்கலாம், இவ்வளவுதான். நாங்கள் அதற்குத் தப்புக் கூட்டம் என்று பெயர் வைத்திருந்தோம். ஆரம்பத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரே தன் தவறுகளைச் சொல்லத் தொடங்கினார். நோயாளி பெயரை மாற்றிக் கூப்பிட்டது, மருந்தின் அளவை அடித்து எழுதியது, இப்படி. போகப் போக மற்றவர்களுக்கும் பேச்சு வந்தது. இன்று தரமேம்பாடு என்று கோப்பு கோப்பாக வைத்திருக்கிறார்கள். அன்று எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மழைக்காலம் முடிகிற சமயத்தில் காலரா வந்தது. எங்கள் பக்கத்தில் காலரா புதிதல்ல. ஆனால் அந்த வருஷம் வந்தது வேறு வகை. முன்பெல்லாம் குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கும். இது நல்ல உடம்புள்ள பெரிய ஆட்களைச் சாய்த்தது. கடற்கரை ஊர்கள் வழியாகப் பரவுகிறது, வங்காளம்வரை போய்விட்டது, உலகம் முழுக்கச் சுற்றப் போகிற இன்னொரு பெரும்பரவலாக ஆகலாம் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் வாழைத் தோட்டத்தில் தார் சுமந்த ஆளை மதியம் மாட்டு வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள் என்பதுதான். கண் குழிந்து, விரல் சுருங்கி, தொட்டால் தோல் மடிந்தபடியே நிற்கும்.

புறநோயாளிக் கூடத்தைக் காலரா வார்டாக்கினோம். கட்டிலுக்கு நடுவில் ஓட்டை போட்டுக் கீழே வாளி வைத்தோம். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டி. அந்த வார்டுக்குப் பொறுப்பு டாக்டர் பிரபாகர். படிப்பு முடித்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வேகமான ஆள், நல்ல கை. செவிலியர் பொறுப்பு சிஸ்டர் ஞானம்மாளுக்கு.

சலைன் வைகை வெள்ளம் மாதிரி ஓடியது என்று எழுதினால் எங்கள் ஊரில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வைகை மதுரைக்காரர்கள் ஆறு. எங்கள் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரே ஆளுக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு பாட்டில்கூட ஏறும். கிட்டங்கியில் ஒரு மாதத்துக்கு வைத்திருந்தது சில நாளில் தீர்ந்தது. டாக்டர் பிரபாகர் சலைன் அறைக்கே வந்துவிட்டார். அவித்து ஆறிய பாட்டில்கள் அடுக்கில் நின்றன.

"இதெல்லாம் ஏன் இங்க நிக்குது?"

"இன்னும் தேறல சார். முயல் சோதனை நாளைக்கு. ஆய்வகம் ஒரு வாரம்."

"முயலுக்குக் காய்ச்சல் வருதான்னு பாத்துக்கிட்டு இருந்தா அங்க மனுசன் செத்துப் போவான் வேலு."

அவர் சொன்னது பொய் இல்லை. நேராகப் பெரிய டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் இருவரையும் உட்கார வைத்தார். என்னிடம், "ஒவ்வொரு விதியும் எதைத் தடுக்கறதுக்குன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஆய்வக சோதனை, அவித்தது சரியாக அவிந்ததா என்று பார்க்க. அதை ஆவிப் பெட்டிக்குள் வைக்கிற சூட்டுக் காகிதத்தின் நிறமும் ஓரளவு சொல்லிவிடும். முயல் சோதனை சொல்வதை வேறு எதுவும் சொல்லாது. அவர் முடிவைச் சொன்னார்.

"ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். பாட்டில் ஆய்வகத்துக்குப் போகட்டும், ஈடு வார்டுக்கு வரட்டும். முயல் சோதனையை விட முடியாது. பாட்டில் கழுவறதையும் விட முடியாது."

அடுத்த சிக்கல் முயல். இரண்டு வேளையும் ஈடு போட்டால் ஓய்வு கொடுக்க முயல் போதாது. டாக்டர் பிரபாகர்தான் கேட்டார், "ஒரே நாள்ல, ஒரே ஆளுங்க செய்யிற ரெண்டு ஈட்டுக்கு ஒரே எண் குடுத்தா என்ன? ஒரு சோதனை போதுமே." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தண்ணீர் ஒன்று, உப்பு ஒன்று, கை ஒன்று. பெரிய டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். அறுவை அரங்கில் உபயோகமில்லாமல் இருந்த எவர்சில்வர் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து இரண்டாவது தொட்டியாக வைத்தோம். காதர் பாய் அதைத் தேய்த்துக் கழுவினார், நான் வடித்த தண்ணீர் விட்டு அலசினேன். இரட்டை ஈடு ஓடத் தொடங்கியது. வார்டுக்குப் பாட்டில் தட்டுப்பாடில்லாமல் போயிற்று.

எல்லோரும் களைத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை கூட்டத்தை இந்த அலை முடியும்வரை நிறுத்தி வைக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். நானும் கேட்டவன்தான். பெரிய டாக்டரம்மா, "சும்மா இருக்கற காலத்துல தப்பு குறைவாத்தான் நடக்கும். இப்பதான் கூட்டம் வேணும். உக்கார வேண்டாம், நின்னுக்கிட்டே பேசிடலாம்" என்றார். வார்டு வராந்தாவில் நின்றோம்.

அன்று சிஸ்டர் ஞானம்மாள் முதலில் பேசினார். "நேத்து சாயங்காலத்துல இருந்து மூணு பேருக்கு நடுக்கம் கண்டிருக்கு. கம்பளி போட்டு மூடியும் நிக்கல. அப்புறம் காய்ச்சல்."

"மலேரியாவா இருக்கும்," என்றார் டாக்டர் பிரபாகர். "இல்லன்னா சலைன் குளிர்ச்சியா ஏறியிருக்கும். காலராவுல இதெல்லாம் வரும்."

பெரிய டாக்டரம்மா சிஸ்டரிடம் திரும்பினார். "நடுக்கத்த நீங்க பாத்தீங்களா?"

"ரெண்டு பேருக்கு நானே பாத்தேன்."

"என்ன பாட்டில் ஏறிக்கிட்டு இருந்துது?"

சிஸ்டர் மூன்று பாட்டிலையும் எடுத்து வைத்திருந்தார். மூன்றிலும் ஒரே எண். அந்த எண் முயல் சோதனையில் தேறிய எண். முயலுக்குக் காய்ச்சல் வரவில்லை என்று நானே பார்த்திருந்தேன்.

"அந்த எண் போட்டது எவ்வளவு இருக்கு?" என்று பெரிய டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"வார்டுல இருக்கிறது முக்காவாசி அதுதான்மா."

டாக்டர் பிரபாகர் குறுக்கிட்டார். "மூணு பேருக்கு நடுக்கம் வந்ததுக்காக எல்லாத்தையும் கழட்டினா, பத்துப் பேருக்கு நாடி விழும்."

அவர் முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பிடிவாதத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே பயந்து சொன்னார்.

பெரிய டாக்டரம்மா வார்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார், "அந்த எண் ஒரு பாட்டில்கூட வார்டுல இருக்க வேண்டாம். பழைய ஈட்டுல மிச்சம் இருக்கற நல்ல பாட்டிலை நாடி கிடைக்காதவங்களுக்கு வைங்க. நாடி கிடைக்கறவங்க குடிக்கட்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிச்சே பிழைக்க முடியும்னு படிச்சிருக்கோம். செய்யறதுக்கு நேரமில்லன்னுதான் ஊசியக் குத்தினோம். இப்ப வேற வழி இல்ல. எல்லாரும் வாங்க, குடிக்க வைக்கலாம்."

சலைன் கேட்டுத் திருநெல்வேலிக்கு ஜீப்பை அனுப்பினோம். அங்கேயும் இதே நிலைதான், மறுநாள் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பாட்டிலைக் கழற்றுகிற வேலை எனக்கு வந்தது. நான் செய்த பாட்டில், நானே கழற்றுவதுதான் முறை. கட்டில் கட்டிலாகப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் செல்லத்தாய் என்ற பெண். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வாழைத் தோட்ட வேலைக்குப் போகிறவள், ஏழு மாதக் கர்ப்பம். முந்தின நாள் வந்தபோது நாடியே இல்லை. பாட்டில் ஏறி உயிர் திரும்பியிருந்தது. நான் போனபோது பல் கிட்டிக்கொண்டு கட்டில் அதிர நடுங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் முத்துக்குட்டி அவள் காலைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான்.

குழாயை நான் மூடியதும் அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எதுக்கு கழத்துதிய?"

"இந்த மருந்துதான் நடுக்கத்துக்குக் காரணமோன்னு சந்தேகம்."

"நேத்து இதே மருந்துதான் அவள எழுப்பிச்சு. இன்னிக்கு விசமாயிட்டோ?"

"வேற மருந்து குடுப்போம். குடிக்கிற மருந்து."

"தண்ணி குடிச்சா பேதி கூடும்னு ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும். ஊசி போடுத மருந்து தீந்து போச்சுன்னு சொல்லுங்க, நான் கெளம்பி வேற ஆஸ்பத்திரிக்குப் போறேன். பொய் சொல்லாதிய."

அவன் கையை விடவில்லை. பெரிய டாக்டரம்மா வந்தார். அவனிடம் ஒன்றும் பேசாமல் செல்லத்தாயின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். "நாடி இருக்கு. குழந்தை துடிப்பும் கேக்குது. குடிக்கட்டும்" என்றார். பிறகு அவனிடம், "உங்க சந்தேகம் நியாயம்தான். இவர் இங்கயே இருப்பார். நாடி விழுந்தா நல்ல பாட்டில் வைக்கிறேன். வேற எடத்துக்குக் கொண்டு போனா வழியிலேயே ஏதாவது ஆயிடும்" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க இவங்ககூட இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நடுக்கம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு குடிக்க வைக்கத் தொடங்கினேன். டம்ளரில் கொடுத்தால் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே கக்கிவிடுவார்கள். கரண்டிதான் வழி. ஒரு கரண்டி, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு கரண்டி. முதலில் கக்கினாள். முத்துக்குட்டி, "நான் சொன்னேம்லா" என்பது போலப் பார்த்தான். சிஸ்டர் ஞானம்மாள் அந்த வழியே போகும்போது, "கக்கினா கக்கட்டும், பத்து நிமிசம் பொறுத்துப் பைய குடுங்க. உள்ள போறது வெளிய வாறதவிடக் கூட இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுத்தேன். நின்றது.

கொஞ்ச நேரத்தில் கரண்டியை முத்துக்குட்டி வாங்கிக்கொண்டான். நான் கொடுப்பது அவனுக்கு வேகமாகப் பட்டதோ என்னவோ.

வார்டைச் சுற்றிப் பார்த்தேன். அலுவலகத்தில் எழுதுகிறவர், சமையற்காரர், எக்ஸ்ரே ஆள் எல்லோரும் ஆளுக்கொரு கட்டிலின் பக்கத்தில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் பிரபாகர் ஒரு கிழவரை மடியில் சாய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் செல்லத்தாய்க்குப் பேதி மறுபடி கூடியது. கண் செருகியது. நாடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. கூப்பிட்டேன். டாக்டர் பிரபாகர் ஓடி வந்தார். நல்ல பாட்டிலில் கடைசி இரண்டு இருந்தன. எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துவிட்டு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு ஏற்றினார். பொழுது சாய்வதற்குள் நாடி திரும்பியது. அதன்பிறகு அவளே கரண்டியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அன்று மற்றவர்களில் பெரும்பாலோர் குடித்தே தாக்குப் பிடித்தார்கள். ஒரு கிழவர் போய்விட்டார். டாக்டர் பிரபாகர் மடியில் இருந்தவர்தான்.

மறுநாள் நானும் காதர் பாயும் அறையைச் சோதித்தோம். எண் ஒன்றானாலும் இரண்டு தொட்டிப் பாட்டில்களும் அங்கே தனித்தனி அடுக்கில் நின்றன. முதல் தொட்டியில் நிரப்பிய ஈட்டிலிருந்து ஒரு பாட்டில், இரண்டாம் தொட்டியில் நிரப்பிய ஈட்டிலிருந்து ஒரு பாட்டில், தனித்தனியாக முயல்களுக்கு ஏற்றினோம். முதல் தொட்டி முயல்கள் கீரை தின்றன. இரண்டாம் தொட்டி முயல்கள் காதை மடக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கின. சூடு ஏறிக்கொண்டே போயிற்று. நாங்கள் முன்பு சோதனைக்கு எடுத்த பாட்டில் முதல் தொட்டியைச் சேர்ந்தது. இரண்டு ஈட்டுக்கும் ஒரே எண் என்பதால் இரண்டாவது ஈடு சோதனையே இல்லாமல் வார்டுக்குப் போயிருக்கிறது.

காதர் பாய் ஸ்பேனரை எடுத்து இரண்டாவது தொட்டியின் அடிக்குழாயைக் கழற்றினார். தொட்டி பளபளவென்று இருந்தது. குழாயின் உள்வளைவில் பழைய தண்ணீர் தேங்கி வழவழவென்று ஒரு படலம் பிடித்திருந்தது. வெளியிலிருந்து எப்படிக் கழுவினாலும் அங்கே கை போகாது. அவர் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கழுவுனதுல்லா தம்பி."

அவரைக் கூட்டிக்கொண்டு குழாயோடு பெரிய டாக்டரம்மாவிடம் போனேன். அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாய், உங்கள நாங்க கழுவச் சொன்னது தொட்டிய. குழாயைக் கழட்டிக் கழுவணும்னு ஒருத்தரும் சொல்லல. ஒரே எண் போதும்னு ஒத்துக்கிட்டது நாங்க மூணு பேர். கையெழுத்துப் போட்டது நான்."

அன்றே விதி மாறியது. ஈடு எத்தனையோ எண் அத்தனை. ஒவ்வொரு ஈட்டிலும் முதலில் நிரப்பிய பாட்டிலும் கடைசியில் நிரப்பிய பாட்டிலும் சோதனைக்கு. குழாய், ரப்பர், மூடி எல்லாவற்றையும் ஈட்டுக்கு ஒரு தடவை கழற்ற வேண்டும். அப்படியானால் முயல் எப்படிப் போதும் என்று நான் கேட்டேன். டாக்டர் பிரபாகர் அதற்கு வழி சொன்னார். வாசலிலேயே அவர் உட்கார்ந்து ஒவ்வொருவரின் தோலையும் நாடியையும் பார்த்து, குடிக்க முடிகிறவர்கள் ஒரு பக்கம், முடியாதவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்தார். கூட வந்தவர்களுக்குக் கரண்டியைக் கொடுத்து உட்கார வைத்தோம். சலைன் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தச் செவ்வாய்க்கிழமை எங்களைக் கட்டாயப்படுத்தாமல் இருந்திருந்தால் அந்த வழிக்கு நாங்கள் வந்திருக்க மாட்டோம். அதை நினைத்து ஆறுதல் அடைய எனக்கு மனம் வருவதில்லை. காரணம் செல்லத்தாய்.

பேதி நின்று இரண்டாம் நாள், வயிற்றில் அசைவு தெரியவில்லை என்று சொன்னாள். துடிப்பு இல்லை. அடுத்த நாள் குழந்தை இறந்தே பிறந்தது. ஆண்.

அவள் வீட்டுக்குப் போகிற நாளுக்கு முன்னால் பெரிய டாக்டரம்மா எங்களை அழைத்தார். பாட்டில் விஷயத்தை அவர்களிடம் சொல்லப் போவதாகச் சொன்னார். நிர்வாகக் குழுவின் செயலர் அறையில் இருந்தார். நல்ல மனிதர், ஆஸ்பத்திரிக்காக உழைத்தவர்.

"வேண்டாம்மா. காலராவுல கர்ப்பம் கலையறது சகஜம்னு நீங்களே சொல்லுதிய. தெரியாத ஒண்ணச் சொல்லி ஏன் தீய மூட்டணும்? ஊர்க்காரன் நாளைக்கு இங்கன வருவானா?"

"நடுக்கம் வந்தது நம்ம பாட்டிலால. அது தெரிஞ்ச விஷயம்தான்" என்றார் பெரிய டாக்டரம்மா. "தெரிஞ்சதச் சொல்லுவோம். தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுவோம்."

என்னையும் டாக்டர் பிரபாகரையும் உடன் இருக்கச் சொன்னார். செல்லத்தாய் நாற்காலியில் உட்கார்ந்தாள். முத்துக்குட்டி உட்காரவில்லை. பெரிய டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். இந்த ஆஸ்பத்திரியில் செய்த சலைனில் ஒரு குறை இருந்தது, அதனால்தான் நடுக்கம் வந்தது, கண்டதும் கழற்றினோம், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டோம், பொறுப்பு எங்களுடையது.

முத்துக்குட்டி கேட்டான், "பிள்ளை அதுனாலயா போச்சு?"

"தெரியாது. வியாதியால போயிருக்கலாம். அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். நடுக்கத்தாலயும் இருக்கலாம். பாட்டிலக் கழட்டினதாலயும் இருக்கலாம். தெரிஞ்ச மாதிரி ஒண்ணு சொல்லி உங்கள அனுப்ப எனக்கு இஷ்டமில்ல."

அவன் என் பக்கம் திரும்பினான். "நீருதானே மருந்து செஞ்சது?"

"ஆமா."

அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் அடிக்கவில்லை. மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். செல்லத்தாய்தான் பேசினாள்.

"அந்தக் குழாய நான் பாக்கலாமா?"

பெரிய டாக்டரம்மா தலையசைத்தார். நான் கூட்டிக்கொண்டு போனேன். அவளால் வேகமாக நடக்க முடியவில்லை. காதர் பாய் கழற்றிவைத்த குழாயைத் துணியில் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். வாங்கி உள்ளே பார்த்தாள். படலம் காய்ந்து போயிருந்தது. திருப்பிக் கொடுத்தாள். காதர் பாய் அழுதார். அவள் அழவில்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்று முத்துக்குட்டி வெளியே நின்று கூப்பிட்டான்.

செயலர் பயந்த மாதிரி கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. அந்த ஆஸ்பத்திரி மருந்தில் நடுக்கம் வருமாம் என்று ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் பேசிக்கொண்டதை நானே கேட்டேன். பிரசவத்துக்கு வருகிற கூட்டம் குறைந்தது. பெரிய டாக்டரம்மா அதையும் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் சொன்னார், மற்ற விஷயங்களைச் சொல்வது போலவே.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் சிஸ்டர் ஞானம்மாள் மருந்தகத்துக்கு ஆள் அனுப்பினார். பிரசவ வார்டுக்குப் போனேன். செல்லத்தாய் வலியோடு படுத்திருந்தாள். நிறைமாதம். முத்துக்குட்டி வெளியே நின்றான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

சிஸ்டருக்கு மனம் கேட்கவில்லை. "ஏட்டி, பக்கத்துலயே வேற ஆஸ்பத்திரி இருக்கே. அத்தனையும் தாண்டி இங்கனயா வந்தே?"

வலி விட்ட இடைவெளியில் அவள் சொன்னாள். "எல்லா எடத்துலயும்தான் தப்பு நடக்கும் சிஸ்டர். இங்கன நடந்தா சொல்லுதாக. மத்த எடத்துல சொல்லுவாகளான்னு எனக்குத் தெரியாதுல்லா."

நான் அறைக்குத் திரும்பிப் போய், அன்று தேறியிருந்த ஈட்டிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்து, விளக்குக்கு முன்னால் மறுபடி ஒருமுறை சுழற்றிப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்துக் கொண்டுவந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். தேவைப்படவில்லை. மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. பாட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன்.